ராகேலின் பூனை

எலிசாளுக்குக் கல்யாணம் ஆனபோது வயது முப்பத்திரண்டு. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் அண்ணன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் மராமத்து இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த தங்கையன் மனைவியைப் பறிகொடுத்தவர், ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்று உபதேசியார் வந்து சொன்னார். அண்ணன் அவளைக் கேட்கவில்லை. அண்ணி கேட்டாள். "போறேன்" என்று மட்டும் சொன்னாள் எலிசாள். 1931இல் நடந்தது இது.

கரமனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் வீடு. அவள் படியேறியபோது சாம்பல் நிறப் பூனை ஒன்றை மார்போடு அணைத்தபடி தங்கையனின் மகள் செல்லபாய் வாசலில் நின்றாள். "இது அம்மைக்க பூனை" என்றாள். சின்னம்மையிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வந்த கொஞ்ச நாளிலேயே எலிசாளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அதுவரை அவள் சேர்ந்தாற்போல் இரண்டு தும்மல்கூடத் தும்மியதில்லை. இப்போது படுத்தால் கண் அரிக்கும், நெஞ்சு இறுகும், உள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எழுந்தவுடன் தங்கையன் பாயைவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நோய்க்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறார் போலும் என்று எலிசாள் கூசிப்போனாள்.

உண்மையைச் சொன்னது பக்கத்து வீட்டுச் சிவகாமியம்மாள். கிணற்றடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"உனக்க சத்தம் சுவர் தாண்டிக் கேக்குது கேட்டியா. செல்லபாய்க்க அம்மை ராகேலுக்கும் கடைசியில இதே சத்தந்தான். நீ படுக்கிற அந்த முறியிலதான் கிடந்தா. நெஞ்சில சளி கட்டி, இழுத்து இழுத்து... அவளுக்கு இங்கேருந்து போக மனசில்லே பிள்ளே."

எலிசாள் வேதம் வாசிக்கிறவள். இதையெல்லாம் நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று முதல் அந்த அறைக்குள் கால் வைக்கும்போது, உள்ளே ஏற்கெனவே ஒருத்தி படுத்திருப்பது போல, ஓரமாகவே நடந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்தாள். மூச்சு சுகமாக வந்தது. திரும்பி வந்த அன்றே நெஞ்சு அடைத்தது. உபதேசியார் வந்து ஜெபம் செய்தார். அவர் ஆமென் சொல்லும்போதே அவளுக்கு இழுப்பு எழுந்தது.

தங்கையன் வீட்டை மாற்றினார். காரணம் சொல்லவில்லை. பேட்டையில், வாய்க்காலுக்கு அருகே, பகவதிப்பெருமாள் என்பவரின் வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வண்டியில் பாத்திரமும் பெட்டியும் ஏறின. செல்லபாய் மடியில் ஒரு சாக்குக்குள் பூனை வந்தது.

புது வீட்டில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. யாரும் இறந்த வீடு இல்லை என்று விசாரித்துத்தான் எடுத்திருந்தார். அங்கேயும் அது வந்தது. முதல் தடவை சீழ்க்கை எழும்பியபோது தங்கையன் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இங்கேயும் வந்துட்டாளே" என்றார். ராகேலைப் பற்றி எலிசாள் காதுபட அவர் வாய் திறந்தது அதுதான் முதல் முறை.

பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வயதான மலையாளி டாக்டர், குழாயை முதுகில் வைத்துக் கேட்டார். எங்கே போனால் சுகம், எங்கே வந்தால் உபத்திரவம் என்று விசாரித்தார். பிறகு, "வீட்டில் பூச்ச உண்டோ?" என்றார்.

"பூனைதானே, ஒண்ணு உண்டு சார்."

"அதினெ மாற்று. சிலருக்குப் பூச்சயுடெ ரோமம் பிடிக்கில்லா. வேறெ ஒந்நும் இல்ல."

வேறு ஒன்றும் இல்லை. வெளியே வந்து மரத்தடியில் நின்று தங்கையன் வெகுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழவங்காடியில் அரிசிக் கடை வைத்திருந்த தாணுமாலயன் எலித் தொல்லைக்கு ஆகும் என்று பூனையை வாங்கிக்கொண்டார். ராகேலின் துணிப்பெட்டியை வெயிலில் வைத்து உதறினார்கள். எலிசாளின் மூச்சு தெளிந்தது. தங்கையன் குறட்டை விட்டுத் தூங்கினார். செல்லபாய்தான் ஓய்ந்துபோனாள். பள்ளிக்கூடம் போவாள், வருவாள், சுவரைப் பார்த்து உட்காருவாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுவாள்.

"பிள்ளைக்கு வேற ஏதாவது ஒரு உயிர் வேணும். எனக்க நெஞ்சுக்கு ஒத்துக்கிடுறதா பாத்து எடுப்போம்" என்றாள் எலிசாள்.

சபையில் ஒரு வீட்டிலிருந்து புறா வந்தது. எலிசாள் அதைக் கையில் எடுத்து இறகுக்குள் முகத்தைப் புதைத்து, மூச்சை இழுத்து, காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. செல்லபாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது பறந்து போவும்" என்றாள்.

அடுத்து முயல். வெள்ளை முயல். எலிசாள் அதன் முதுகில் முகம் வைத்த கொஞ்ச நேரத்திலேயே கண் சிவந்தது. நெஞ்சுக்குள் அந்தப் பழைய சீழ்க்கை. முயலைக் கூடைக்குள் விட்டுவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் செல்லபாய் எழுந்து வந்தாள். அத்தனை நாள் ஒட்டாமல் நின்ற பெண், பின்னால் வந்து சின்னம்மையின் முதுகில் காதை வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன பிள்ளே கேக்குறே?"

"அம்மை."

எலிசாள் தூணை விடவில்லை. அசையாமல் இருந்தாள்.

"அம்மை இப்படித்தான் மூச்சு விடுவா. நான் கூடக் கிடந்து கேப்பேன். நீங்க வந்த பொறவு திரும்பவும் கேட்டுது. பூனை உங்க தலைமாட்டில கிடந்தா நல்லாக் கேக்கும். அதான் நான் கொண்டு விடுவேன்." காதை எடுக்காமலே, "அதை அனுப்பிட்டீங்க. இப்போ கேக்கவே இல்லே" என்றாள்.

திட்டுவதற்கு எலிசாளுக்கு மூச்சும் இல்லை, மனமும் இல்லை. இழுப்பு அடங்கும்வரை அந்தக் காதை முதுகில் தாங்கிக்கொண்டிருந்தாள். முயலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் மறுநாள் பகல் முழுவதும் அதற்குப் புல் அரிந்து போட்டபடியே, வைத்துக்கொண்டால்தான் என்ன என்று யோசித்தாள். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தங்கையன் ஆபீஸ் விட்டு வந்ததும் சொன்னாள்: "கேட்டீளா, பிள்ளைக்கு அவ அம்மையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லே. நீங்க சொல்லணும்."

"எனக்க வாயில வராது எலிசாளே."

"எனக்காவது சொல்லுங்க."

அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். "அவளுக்கு உப்பு கூடுதலா வேணும். எல்லாத்திலயும் ஒரு நுள்ளு கூடப் போடுவா" என்றார். அவ்வளவுதான். முற்றத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தது ஆமை. வாய்க்காலில் கயிற்றுப் பாரம் கொண்டு வந்த வள்ளக்காரன் ஒருவன், கைப்பிடி அளவு ஒன்றை ஓலைப் பெட்டியில் வைத்திருந்தான். செல்லபாயே அதை எடுத்தாள். ஓட்டின்மேல் காதை வைத்தாள்.

"இது மூச்சு விடுறது கேக்கவே இல்லே, சின்னம்மே."

"அப்போ வேண்டாமா?"

"இது போதும்."

வீட்டுக்காரர் பகவதிப்பெருமாள் கேள்விப்பட்டு ஓடி வந்தார். "ஆமை வீட்டுக்கு ஆகாது, தெரியாதா உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்கு வரவேண்டியது எல்லாம் வந்தாச்சு ஐயா" என்றாள் எலிசாள்.

கொல்லையில் உடைந்த தொட்டியில் அது இருந்தது. செல்லபாய் சோறு சாப்பிடத் தொடங்கினாள். பூனையைப் பார்க்க ஒரு தரம் கடைக்குப் போனபோது, மூட்டை நடுவே கொழுத்துக் கிடந்த அது அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அதன் பிறகு அவள் பூனையைக் கேட்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் பெருகிக் கொல்லைக்குள் வந்தபோது ஆமை போய்விட்டது. அதற்குள் அவள் பெரிய வகுப்புக்குப் போயிருந்தாள்.

பிற்பாடு செல்லபாய் நாகர்கோவிலில் படித்து ஆசிரியை ஆனாள். படிக்கும் காலத்தில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முன்கதவு திறந்தே இருக்கும். அப்பா ஆபீஸில் இருப்பார். அடுக்களையில் பேச்சுக் குரல் கேட்கும். முதல் முறை, யாரோ விருந்தாளி என்று நினைத்தாள்.

"அக்கா, இண்ணைக்கு மீன் கொஞ்சம் பழசுதான்... புளி கூட விட்டிருக்கேன். உனக்க மகள் வாறா. மெலிஞ்சு போயிருப்பா, ஹாஸ்டல் சாப்பாடு..."

இடையிடையே நிறுத்தம் இருந்தது. மறுபக்கம் பதில் சொல்ல விடும் அளவுக்கு. பிறகு, "சரி சரி, உப்பு ஒரு நுள்ளு கூடப் போட்டுட்டேன்" என்றாள் எலிசாள்.

செல்லபாய் உள்ளே போகவில்லை. பெட்டியைக் கையில் பிடித்தபடியே, அவர்கள் பேசி முடியட்டும் என்று வாசலில் நின்றாள்.