மாட்டிய கையும் மிஞ்சிய கையும்

எழுபதுகளின் கடைசியில், ஆரணி அரிசி ஆலை ஒன்றின் பெல்ட்டில் சிக்கி என் வலது கை மணிக்கட்டோடு போனது. சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கை மாட்டி அனுப்பினார்கள். என்னைவிட ரொம்பச் சிவப்பு, விரல் மடங்காது. ஊர் கண்ணை உறுத்தக் கூடாது என்றுதான் அதை மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

பிழைப்புக்குத் தார் சுற்றினேன். தறிக்கு வேண்டிய பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றும் வேலை. பிளாஸ்டிக் கையைக் கழற்றி வைத்துவிட்டு, ராட்டைப் பிடியை மொட்டைக் கையோடு துணியால் கட்டிச் சுழற்றுவேன். இழையை இடது கை பிடிக்கும். யாரிடம் எதை நீட்டினாலும், "இடது கைங்க, மன்னிச்சுக்குங்க" என்பேன்.

ஒருநாள் முதலாளி வீட்டுத் தறியில் புதுப் பாவு, அதாவது நெடுக்கு நூல், பூட்டினார்கள். கற்பூரம் காட்டிய கையோடு முதலாளி தார்க் கூடையைக் கேட்டார். நீட்டினேன்.

"நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையால நீட்டிகினு நிக்கிறியே! அதான் ஒரு கை மாட்டிகினு வந்திருக்கியே, அதால குடும்மா."

நெசவாளிகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாய்வரை வந்த மன்னிப்பை விழுங்கினேன். கூடையைக் கீழே வைத்து, பிளாஸ்டிக் கையின் வாரை அவிழ்த்துக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"இந்தாங்க சோத்தாங்கை. இது ஒரு தார்கூட சுத்துனதில்ல. அத்தனையும் சுத்துனது இந்த மொட்டைக் கையும் பீச்சாங்கையும்தான். வேணும்னா வாங்கிக்குங்க. இல்லன்னா கூடையை எடுத்துகினு போறேன்."

கூடையை மறுபடி எடுத்து நீட்டினேன். தறி காத்துக் கிடந்தது. அவர் வாங்கிக்கொண்டார், என் இடது கையிலிருந்தே.

பிளாஸ்டிக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மொட்டைக் கையை முந்தானையால் மூடாமல் கடைத்தெரு வழியே வீட்டுக்கு நடந்தேன். இன்றும் எதையும் இடது கையால்தான் கொடுக்கிறேன். மன்னிப்பு மட்டும் கேட்பதில்லை.