லைன் கிளியர்

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், முனி, மோகினி எதையும் நான் ஒத்துக்கொண்டதே கிடையாது. அரூர் பக்கம் இருபது வருஷமாக லைன்மேன் நான். சுடுகாட்டை ஒட்டின டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டிருக்கிறேன், கூட வந்தவன்தான் நடுங்கிக்கொண்டு நின்றான்.

எங்கள் வேலையில் ஒரு வார்த்தை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பத்து வேலை முடிந்ததும், ஏறின ஆட்கள் எல்லோரும் இறங்கியாச்சா என்று தலையை எண்ணிப் பார்த்துவிட்டு, சப்ஸ்டேஷனுக்கு போன் போட்டு 'லைன் கிளியர்' என்போம். அதற்கப்புறம்தான் கரண்ட் விடுவார்கள். கம்பத்தில் ஒருத்தன் இருக்கும்போது அந்த வார்த்தையைச் சொன்னால் அவன் கதை முடிந்தது. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் எண்ணாமல் சொன்னதில்லை.

தொந்தி விழுகிறதே என்று ஓட ஆரம்பித்தவன், பித்துப் பிடித்து மலை ஓட்டத்தில் போய் நின்றேன். போன ஐப்பசியில் சித்தேரி மலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடந்தது, அதில் என்னை ஸ்வீப்பராகப் போட்டார்கள். "வூட்ல ஒரு நாள் தொடப்பம் எடுத்ததில்ல, மலையப் பெருக்கப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். பெருக்குகிற வேலை இல்லை, எல்லோருக்கும் கடைசியாகப் போகிற வேலை. வழி காட்டக் கட்டின ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே, கடைசி ஆளை முன்னால் விட்டுப் பின்னால் போகவேண்டும். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் 'எனக்குப் பின்னால் யாரும் இல்லை' என்று நான் சொன்னால்தான் பந்தலைப் பிரிப்பார்கள். பழக்கதோஷத்தில் நான் 'லைன் கிளியர்' என்றேன், அவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று.

எல்லோர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கும். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். பதிலுக்கு ஒரே ஒரு முறை நீளமாக ஊதினால், கேட்டுவிட்டது, வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் கடைசி ஆள் ஜபார் பாய். பென்னாகரத்தில் டயர் கடை வைத்திருக்கிறார், ஐம்பத்தாறு வயது, சர்க்கரை உண்டு. மூன்றாவது பந்தலைத் தாண்டும்வரை என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டேதான் வந்தார். அப்புறம் தூறல் பிடித்து மஞ்சு இறங்கியது, மணி மூன்றரைதான் இருக்கும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாய் பேச்சு குழற ஆரம்பித்தது. தொட்டுப் பார்த்தால் உடம்பெல்லாம் சில்லென்று வேர்வை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் வந்திருக்கிறார், மனுஷன் அப்போதுதான் அதைச் சொல்கிறார். ஒரு பாறைமேல் உட்காரவைத்து குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் பின்னால், நாங்கள் இறங்கிவந்த பக்கத்திலிருந்து விசில் கேட்டது. மூன்று முறை.

யோசிக்கவே இல்லை, என் கை தானாகப் போய் விசிலை எடுத்துவிட்டது. நீளமாக ஒன்று ஊதினேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், புரிகிறதா?

"தம்பி, பின்னாடி யாரோ இருக்காங்க, போய் பாருங்க" என்றார் பாய். அவர் காதிலும் விழுந்தது, அதனால் என் காதைச் சந்தேகப்படாதீர்கள். வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன். ஓட்டத்தை நடத்துகிற சரவணன் அந்தப் பக்கம் இருந்தார். எண்பத்தாறு பேரில் எண்பத்தைந்து பேர் நாலாவது பந்தலைத் தாண்டியாயிற்று, பாய் ஒருத்தர்தான் பாக்கி, உங்களுக்குப் பின்னால் ஆளே கிடையாது என்றார். நானும் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே வந்த வழிதானே அது, ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் மறுபடியும் மூன்று விசில்.

மேலே ஏறிப் போனேன். இருநூறு அடி போயிருப்பேன். ரிப்பன் எல்லாம் என் பையில் இருக்கிறது, வழி எது என்று எனக்கே தெரியவில்லை. "யாருங்க, எங்க இருக்கீங்க?" என்று கத்தினேன். பதிலுக்கு மூன்று விசில், அதே தூரத்தில். நான் ஏறினதற்குக் கொஞ்சமாவது கிட்டத்தில் கேட்கவேண்டாமா? இல்லை. அதற்குள் கீழே பொத்தென்று சத்தம். ஓடி வந்தால் பாய் பாறையிலிருந்து சரிந்து கிடக்கிறார், கண் மேலே செருகுகிறது.

அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை யாருக்கும் சொன்னதில்லை. பாய் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் குளுக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு அழுதேன். மேலே விசில் விடாமல் கேட்கிறது. இவரை விட்டுப் போனால் இவர் போய்விடுவார். போகாவிட்டால் அங்கே யாரோ ஒருத்தர். நான் ஒருத்தன் என்ன செய்வேன்?

வாக்கிடாக்கியில் சரவணனிடம் நாலாவது பந்தலுக்கு ஜீப் அனுப்பச் சொல்லிவிட்டு, பாயைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஒன்றரை கிலோமீட்டர். விசில் பின்னாலேயே வந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் பதில் ஊதவில்லை. கடைசி வளைவில் அது நின்றுபோனது, நின்ற பிறகுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நாலாவது பந்தலில் ஜீப் தயாராக நின்றது. பாயை ஏற்றினார்கள். பந்தலைப் பார்த்துக்கொண்ட அங்கன்வாடிப் பெண் என்னிடம் கேட்டார்: "பின்னாடி யாராச்சும் இருக்காங்களாங்க?"

ஆமாம் என்றால் ஜீப் நின்றுவிடும், ஆட்களும் மஞ்சுக்குள் ஏறவேண்டும், இருட்டவும் போகிறது. எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

"லைன் கிளியர்" என்றேன்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து பாய் பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு அரை மணி நேரம் தாமதித்திருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னாராம். எண்பத்தாறு பேரும் பத்திரம். மறுநாளே நான் மலை ஊர்க்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஓடை, பள்ளம் எல்லாம் தேடினேன். ஒன்றும் இல்லை. எந்த ஊரிலும் ஆள் காணோம் என்ற பேச்சே இல்லை. சரி, ஏதோ பறவையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வயல்காட்டில் ஒரு கம்பத்து வேலை. முடித்துவிட்டு நாலு பேரையும் எண்ணிப் பார்த்தேன், நாலு பேரும் வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். சப்ஸ்டேஷனில் கோவிந்தண்ணன் டியூட்டி, போன் போட்டு லைன் கிளியர் என்றேன். அவர் உடனே கரண்ட் விடவில்லை.

"மாதேசு, எல்லாரும் எறங்கிட்டாங்களா? பின்னாடி யாரோ விசில் அடிக்கிறாங்களே."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மலையில் நடந்ததை அவரிடம் நான் சொன்னதும் இல்லை. எத்தனை வாட்டிண்ணே என்று கேட்டேன்.

"ஒரே வாட்டிதான். நீட்டமா."

மறுபடி எண்ணினேன், மறுபடி எண்ணினேன். அன்றைக்கு ஊரே ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாமல் என்னைத் திட்டியது. அதிலிருந்து நான் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை, என் உதவியாளைச் சொல்லச் சொல்வேன். அவன் சொன்னால் ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் அவன் லீவு. வேறு வழியில்லை, நான்தான் போன் போட்டேன். சொல்லிவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் கோவிந்தண்ணன்தான் டியூட்டி.

"அதே விசில்தான் மாதேசு" என்றார். "இந்த வாட்டி கொஞ்சம் கிட்ட கேக்குது."