எரியாத வருஷத்து மழை

எனெலெசி அக்காவின் காலை விளக்குமாற்றில் தொடங்கும். சேவல் கூவுவதற்கு முன்பே முற்றத்தைப் பெருக்கிவிடுவாள். பின்னோக்கி நடந்துகொண்டே பெருக்குவதால் மண்ணில் அவளுடைய காலடிகூட இருக்காது, விளக்குமாற்றின் கோடுகள் மட்டும் இருக்கும். அன்றைக்கு முதலில் வந்தவர் யார் என்பதை அந்தக் கோடுகளின் மேல் பதிந்த காலடியைப் பார்த்தே சொல்வாள். பிறகு இரண்டு பூவாளிகளை எடுத்துக்கொண்டு ஓடையோரத் தோட்டத்துக்கு இறங்குவாள். எங்கள் ஊரில் மேட்டு நிலம் மக்காச்சோளத்துக்கு, ஓடையோரம் கீரைக்கும் தக்காளிக்கும். மழை இல்லாத மாதங்களில் ஓடையோரம்தான் எங்களைக் காப்பாற்றும்.

அங்கே எங்கள் மூன்று பேருக்கும் அடுத்தடுத்த பாத்திகள். ஒரு பக்கம் எனெலெசி அக்கா, நடுவில் நான், மறுபக்கம் ஜைலோசி அண்ணன். டெட்ஸா மலையின் பைன் காட்டில் முப்பது வருஷம் மரம் அறுத்தவர் அவர். அக்காவின் பெரியம்மா மகள் டோலோபினாவைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்குக் குடிவந்தவர். எங்களில் கல்யாணம் ஆன ஆண் மனைவியின் ஊரில்தான் இருப்பான். மனைவியின் தங்கைகள் அவனை ஆயுசு முழுக்கக் கேலி செய்யலாம், அவனும் திருப்பிச் செய்யலாம். அந்தக் கேலிக்கு யாரும் கோபப்படக் கூடாது.

அவர்கள் இருவரும் அதைக் குறைவில்லாமல் செய்துவந்தார்கள்.

"எப்படி எழுந்தே கொழுந்தியா?"

"நல்லாத்தான் எழுந்தேன். உங்க பாடு எப்படியோ மச்சான்."

"எனக்கென்ன. ஒம் மூஞ்சிதான் ராத்திரிக் குளிர்ல சுருங்கிப்போச்சு. போர்வை இல்லையா?"

"போர்வையெல்லாம் எங்கக்கா ஒருத்தியே போத்திக்கிறாளாமே. நீங்க தரையில கிடந்து நடுங்குறீங்கன்னு ஊரே பேசுது."

"பேசட்டும். ஒன் தக்காளியைப் பத்தியும் பேசிக்கிறாங்க. கோலிக்குண்டு நட்டிருக்காளான்னு கேக்கிறாங்க."

பூவாளி நிறைவதற்குள் இவ்வளவு பேச்சும் முடிந்துவிடும். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரிப்பேன். அப்புறம் அண்ணன் தன் சின்ன ரேடியோவைக் கிளையில் மாட்டி வானிலை கேட்பார். அறிவிப்பாளர் சொல்வதற்கெல்லாம் பதில் பேசுவார். மேகம், காற்று, மாம்பூ உதிர்ந்தது, கீரையில் அசுவினி விழுந்தது என்று பேச்சு ஓடும். வெயில் முதுகில் ஏறும்போது கஞ்சி குடிக்கக் கலைந்துபோவோம்.

அக்டோபரில் இரண்டொரு நாள் பொய்மழை பெய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு சிசிமலுப்ஸா என்று பெயர். எரிந்த காட்டை அணைக்கிற மழை என்று அர்த்தம். கோடையில் மலைப் புல்லுக்குத் தீ வைத்துக் கறிக்கு எலி பிடிப்பார்கள். மலை முழுக்கக் கருகிக் கிடக்கும். இந்த மழை வந்து கரியைக் கழுவிவிட்டுப் போய்விடும். அதை நம்பி விதைத்தால் முளை காய்ந்துவிடும். விதைப்பு மழை அதற்கப்புறம் நவம்பரில்தான் வரும்.

ஒரு வருஷம் எலிக்காக வைத்த தீ காற்றில் இறங்கி வந்து மூன்று குதிர்களைத் தின்றுவிட்டது. அதனால் அடுத்த வருஷம் தீ வைப்பவன் ஓர் ஆடு தர வேண்டும் என்று ஊர்த்தலைவர் அறிவித்தார். யாரும் வைக்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து முதல் முறையாக மலை கறுக்காமல் காய்ந்த புல்லின் மஞ்சளிலேயே நின்றது.

அக்டோபர் கடைசி வாரத்தில் தொடர்ந்து இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை ஓடை கலங்கி ஓடியது. பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டிய தேவையே இல்லை, ஆனாலும் மூன்று பேரும் வந்திருந்தோம்.

"இது சிசிமலுப்ஸாதானாம். யாரும் விதைக்காதீங்கன்னு ரேடியோக்காரன் கெஞ்சுறான்" என்றார் அண்ணன்.

அக்கா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"எதை அணைக்க வந்துச்சாம்? மலையில ஒரு புல்லு எரியல. வேலையில்லாத எடத்துக்கு அது எதுக்கு மெனக்கெட்டு வரணும்? இந்த வருஷம் அதுக்கு லீவு மச்சான். இது நேரா விதைப்பு மழைதான்."

அண்ணன் ரேடியோவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் மலையைப் பார்த்தார். 

"ஆனா சொல்றதுல ஒரு ஞாயம் இருக்கே" என்றார்.

அன்று மத்தியானமே அவர் மேட்டு நிலத்தில் விதைக்கத் தொடங்கினார். அடுத்த நாள் மாலைக்குள் அடுப்புப் பரணில் புகை காட்டி வைத்திருந்த விதைக்கதிர் அத்தனையும் மண்ணுக்குள் போய்விட்டது. பேச்சு பரவி இன்னும் நாலைந்து பேர் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தார்கள். நானும் மண்ணை வரிசையாக மேடு கட்டி வைத்திருந்த பார்களில் நான்கில் விதைத்தேன். அக்கா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணனின் நிலத்தைத் தாண்டித் தன் நிலத்துக்குப் போனாள். போகிறபோது, "மச்சான், வானத்துல எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் விதைக்கவில்லை.

விதை முளைத்தது. ஒரு விரல் உயரம் வந்தது. பிறகு இருபத்து மூன்று நாள் சொட்டு மழை இல்லை. முதலில் நுனி வெளுத்தது, அப்புறம் இலை சுருண்டது, கடைசியில் காலால் தட்டினால் பொடிந்தது. அண்ணன் வீட்டில் தட்டைச் சுற்றி உட்காருகிறவர்கள் ஆறு பேர். கடையில் விற்கும் விதைப் பையின் விலை அவருக்கு எட்டாது. குதிரில் மிச்சமிருந்த மக்காச்சோளம் ஜனவரி வரைக்கும் வந்தால் பெரிய விஷயம். விதை கிடைக்காவிட்டால் வருகிற வருஷம் அந்த வீட்டில் சோறில்லை.

ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. அடிகுழாயில் வரிசையாக நின்ற பெண்கள், "எனெலெசிக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. எல்லாரும் விதைக்கிறப்ப அவ அவசரமே இல்லாம மண்வெட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா" என்றார்கள். பக்கத்து ஊரிலிருந்துகூட ஒருத்தி வந்து, இனி எப்போது மழை என்று அவளைக் கேட்டுவிட்டுப் போனாள். அக்கா குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

முளை பொடிந்த வாரத்தில் ஒரு காலை அண்ணன் ஓடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எப்படி எழுந்தீங்கம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

அவளுடைய பூவாளி ஓடையில் நிறைந்து வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

"நல்லா எழுந்தேன். உங்க பாடு எப்படியோ மச்சான்."

"நல்லா எழுந்தேம்மா. நன்றி."

"தொப்பியை எலி கடிச்சிருச்சா? ஓட்டையா இருக்கு."

"ஆமாம்மா. பழைய தொப்பி."

அவ்வளவுதான். கீரைக்குத் தண்ணீர் விட்டார், எங்கள் இருவருக்கும் தலை தாழ்த்தினார், போய்விட்டார். ரேடியோ கொண்டுவரவில்லை. கொழுந்தியாவின் கேலிக்குக் கோபப்படக் கூடாது என்பதால் அவர் கோபப்படவில்லை. மரியாதை கொடுத்தார். ஏழு நாள் அந்த மரியாதையை நானும் கேட்டேன். யாரோ அக்காவைத் திட்டுகிற மாதிரி இருந்தது.

அக்கா தன் விதையில் பாதியைத் துணியில் கட்டி என்னிடம் கொடுத்து டோலோபினாவிடம் அனுப்பினாள். மூட்டையைச் சாயங்காலமே டோலோபினா திருப்பிக் கொண்டுவந்தாள். "அவர் ரொம்ப நன்றின்னு சொல்லச் சொன்னார்" என்றாள். "நீங்க கவனமா காத்து வெச்சதை நாங்க எடுக்கக் கூடாதாம்."

அவிழ்க்காத மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அது பொய்மழைன்னு ஒனக்கு நெசமாவே தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும் பெலிஸ்தா" என்றாள். "பொண்ணு பிரசவத்துக்குப் போய்ப் பதினஞ்சு நாள் லிலோங்வே டவுன்ல கிடந்தேன். வந்தா முழங்கால் வீங்கிக்கிச்சு. அந்த வாரம் என் நெலத்துல பாதிக்கு மேல பாரே கட்டல. பார் இல்லாத மண்ணுல எங்க விதைக்கிறது? கட்டியிருந்தா மச்சானுக்கு முந்தின நாளே விதைச்சிருப்பேன். சிரிக்கத்தான் சொன்னேன். சொல்லி வாய மூடினதும் எனக்கே அது சரின்னு பட்டுச்சு."

"அப்ப இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

 அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"கேட்டாங்க. சும்மா இருந்துட்டேன்" என்றாள். "அம்பத்தெட்டு வயசாச்சு. எனக்கு ஒண்ணு தெரியும்னு இந்த ஊர்ல ஒருத்தரும் சொன்னதில்ல. கேக்க நல்லா இருந்துச்சு."

நவம்பர் கடைசி வாரத்தில் மலைக்குப் பின்னாலிருந்து மழை இறங்கியது. விடியும்வரை விடவில்லை. இந்த முறை யாரும் யாரையும் கேட்கவில்லை. வெளிச்சம் வந்ததும் ஊரே மேட்டு நிலத்தில் இருந்தது. அக்காவின் நிலம் வழியில் முதலில் வரும், அவள் அதைத் தாண்டி நடந்தாள். இடுப்பில் விதை மூட்டை, தோளில் மண்வெட்டி. நான் பின்னால் போனேன்.

அண்ணன் தன் நிலத்தின் ஓரத்தில் பூசணி விதை ஊன்றிக்கொண்டிருந்தார். அது ஒன்றுதான் அவரிடம் மிச்சம். எங்களைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"தொப்பியப் போடுங்க மச்சான்" என்றாள் அக்கா. பக்கத்து நிலங்களில் நாலு பெண்கள் குனிந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற குரலில்தான் பேசினாள். "நான் தெரிஞ்சுக்கிட்டு விதைக்காம இருக்கல. எனக்குப் பார் ஆகல. ஆகியிருந்தா உங்களுக்கு முந்தியே விதையத் தொலைச்சிருப்பேன்."

குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அண்ணன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார் ஆகலையா?"

"ஆகல."

"அப்ப எத்தனை பாக்கி?"

"பாதிக்கு மேல. முழங்கால் வீக்கம்."

"அன்னைக்கு மண்வெட்டியோட இந்த வழியாத்தானே போனே? நீ விதைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போறேன்னு நெனைச்சேன். என்னை மட்டும் குழியில தள்ளிட்டு நீ கரையில நின்னு பாக்கிறேன்னு."

"பார் கட்டப் போனேன். அப்பவும் அஞ்சு பார்தான் முடிஞ்சுது."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஊரு ஒன்னை மழைக்காரின்னு கும்பிடுது. வந்து பாத்தா சோம்பேறி."

"முழங்கால்னு சொல்றேன்."

"சோம்பேறி. முழங்கால் எனக்கும்தான் வலிக்குது. நான் விதைக்கலையா? ஒன் பேச்சைக் கேட்டு ரெண்டே நாள்ல விதைச்சேன், கழுதை."

அக்கா மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். அவளுடைய நிலத்துக்கு மட்டும் போதுமான விதை, அண்ணனின் நிலமோ அதைப்போல இரண்டு மடங்கு. எங்கள் ஊரில் குழிக்கு மூன்று விதை போடுவோம். ஒன்று எலிக்கு, ஒன்று காக்கைக்கு, மூன்றாவது நமக்கு என்று கணக்கு.

"குழிக்கு ஒண்ணு போட்டா ரெண்டு நெலத்துக்கும் ஓரளவு வரும்" என்றாள்.

"ஒண்ணா? காக்கா அதையும் தின்னுட்டா?"

"விரட்டுங்க. வேற என்ன வேலை உங்களுக்கு?"

அவர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. மழைத் தண்ணீர் பார்களுக்கு நடுவே தேங்கி நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து முதல் பாரில் முதல் குழியை வெட்டினார். அக்கா ஒரு விதை போட்டாள். நான் காலால் மண்ணைத் தள்ளி மூடி மிதித்தேன். அடுத்த குழியை அவர் அகலமாக வெட்ட, "ஒரு விதைக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்கு" என்றாள். அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பக்கத்து நிலத்துப் பெண்கள் சத்தமாகச் சிரித்தார்கள்.

மத்தியானம் அவர் நிலம் முடிந்தது. இதற்குள் பார் எல்லாம் கட்டி முடித்திருந்த அக்காவின் நிலத்தில் நாங்கள் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். இருவரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் இரண்டு நிலங்களிலும் பயிர் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளியோடுதான் நின்றது. காக்கைகள் தங்கள் பங்கை விடவில்லை. இரண்டு வீட்டிலும் ஏப்ரலில் கதிர் ஒடித்தார்கள், ஆனால் குதிர் விளிம்பு வரை நிறையவில்லை.

அடிகுழாயில் இன்னும் அவளிடம் மழை கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, அன்றைக்குப் பார் ஆகவில்லை, அவ்வளவுதான் என்று அவள் ஒவ்வொருவருக்கும் சொல்கிறாள். தெரிந்தவர்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று சொல்லிக்கொண்டு குடத்தைத் தூக்கிப் போகிறார்கள். அவள் சொல்வதை அப்படியே நம்புகிறவர் ஜைலோசி அண்ணன் ஒருவர்தான். கேட்காதவர்களைக்கூட நிறுத்தி அந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அக்கா கட்டாமல் விட்ட பார்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. போன வாரம் நாற்பதைத் தாண்டியது. அவளுடைய நிலத்தில் மொத்தமே முப்பத்தொரு பார்தான்.