செருப்பைக் கழற்றிவிட்டுத் தொடு

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பாத்தாளைக் கோபக்காரி என்று எலப்புள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவள் இடத்தில் ஒரு நாள் இருந்து பார்த்ததில்லை. புருஷன் போன பிறகு மூன்று மாடுகளை வைத்து மகன் பிரதீப்பைப் படிக்கவைத்து, கஞ்சிக்கோட்டில் வேலைக்கும் அனுப்பியவள். அவள் பொறுமையாக இருந்திருந்தால் பங்காளிகள் அந்தத் தோட்டத்தை என்றைக்கோ சுருட்டியிருப்பார்கள்.

போன வருஷம் பிரதீப்புக்குக் கல்யாணம் ஆனது. புதிதாக ஓர் அறை கட்டி, குளியலறைக்கு ஹீட்டரும் வாங்கினார்கள். கூடுதல் லோடு கேட்டபோது, பழைய வயரிங் இனிச் செல்லாது என்று கரண்ட் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இப்போதைய விதிப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் எர்த் கம்பி வர வேண்டும். எங்கே கரண்ட் கசிந்தாலும் தானாக விழுகிற டிரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். ஆசையாக வளர்த்த கிடாரிக் கன்றை விற்றுத்தான் அந்த வேலை நடந்தது.

"தீப்பெட்டியாட்ட இருக்குது, இதுக்கு என்ர கன்னுக்குட்டியாடா?" என்று டிரிப் சுவிட்சைக் காட்டி, வயர்மேன் சிவப்பிரகாஷை வாசலிலேயே நிறுத்தித் திட்டினாள்.

மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போகிற பழைய வயரை மட்டும் மாற்றவில்லை. அது சிமெண்டுத் தரைக்கு அடியில் போய், தண்ணீர்த் தொட்டி மோட்டாரில் முடிகிறது. மாற்ற வேண்டுமென்றால் தரையை உடைக்க வேண்டும். விற்க இன்னொரு கன்று இல்லை.

மோட்டாரைப் போட்ட போதெல்லாம் டிரிப் சுவிட்ச் விழுந்தது. சிவப்பிரகாஷ் வந்து பார்த்து, "உள்ள வயரு நைஞ்சு போச்சுங்கக்கா. தரைய ஒடைச்சே ஆவோணுங்க" என்றான். யார் காதில் விழுந்தது?

அப்போதுதான் வந்து சேர்ந்தார் அவளுடைய அண்ணன் அர்த்தநாரி. பிரதீப்புக்குத் தாய்மாமன். அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. மில்லில் எப்போதோ மோட்டாருக்கு எண்ணெய் விட்ட தைரியத்தில், கரண்ட் வேலையும் தனக்குத் தெரியும் என்பார். "காசு புடுங்கறதுக்குன்னே சட்டம் போடறானுக" என்று சொல்லிக்கொண்டே, டிரிப் சுவிட்சை ஒதுக்கிவிட்டுக் கட்டுத்தரை வயரை மெயினிலிருந்து நேராகக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு சுவிட்ச் விழவில்லை. கருப்பாத்தாள் கோழி அடித்து அண்ணனுக்குச் சோறு போட்டாள். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சில நாளில் செவலை மாடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது. தொட்டியில் மூக்கை வைக்கும், தலையை உதறிப் பின்வாங்கும். பால் குறைந்தது. கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டு, கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள்.

மாசமாக இருந்த மருமகள் மௌனிகாவும் சொன்னாள். "அத்தை, தொட்டிப் பைப்பத் தொட்டாச் சுருக்குங்குதுங்க."

அர்த்தநாரி சிரித்தார். "மாசமா இருந்தா அப்புடித்தான் அம்முணி. ஒடம்புல சத்தில்ல."

கருப்பாத்தாளும் தினம் அதே குழாயைத்தான் தொட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரையால் காலில் புண் வந்ததிலிருந்து, டாக்டர் சொல்படி கட்டுத்தரையிலும் ரப்பர் செருப்போடுதான் நடப்பாள். மருமகளுக்கு அந்தச் சலுகை இல்லை. மாடு என்றால் லட்சுமி, கட்டுத்தரைக்குள் செருப்பு ஆகாது என்று அவள் வந்த முதல் நாளே கருப்பாத்தாள் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் காலை குடம் உருளும் சத்தம் கேட்டது. மௌனிகா ஈரத் தரையில் உட்கார்ந்து, வலது கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். "வழுக்கீருச்சாட்ட இருக்குது" என்றார் அங்கே நின்ற அர்த்தநாரி. கருப்பாத்தாள் மருமகளின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைக் கழற்றினாள். ஈரத்தில் கால் வைத்து, புறங்கையால் குழாயைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் பின்னால் போய்ச் சுவரில் மோதினாள்.

அண்ணனை எப்போதும் வாங்க, போங்க என்றே பேசுகிறவள் அவள். அன்றைக்குப் போட்ட சத்தத்தில் நான் வேலி தாண்டி ஓடினேன்.

"செருப்பக் கழட்டீட்டு நீ வந்து தொடு!"

"எனக்கெதுக்கு ஆத்தா..."

"தொடுங்கறேன்!"

அவர் அசையவில்லை. செருப்பிலிருந்து காலைக்கூட எடுக்கவில்லை.

"நீ தொடப் பயப்படற கரண்டு, என்ர மருமகளுக்கு மட்டும் ஒடம்புல சத்தில்லாமயா அடிச்சுது?"

கேட்டுவிட்டு அவளே போய் மெயினை இறக்கினாள். ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்றார்கள். கறவையில் இருந்த ஒரு மாட்டை விற்றாள். சிவப்பிரகாஷ் வந்ததும் அவன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி, தரையில் முதல் அடியை அவளே போட்டாள். புது வயரும் எர்த் கம்பியும் வந்தன, கரண்ட் டிரிப் சுவிட்ச் வழியாகவே வந்தது. கட்டுத்தரை வாசலில் மௌனிகாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கிறது. செவலை தண்ணீர் குடிக்கிறது.

வளைகாப்பு வந்தது. தாய்மாமன் இல்லாமல் விசேஷமா என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"வரச் சொல்லுங்க" என்றாள் கருப்பாத்தாள். "செருப்பக் கழட்டீட்டு, கட்டுத்தரை வழியா வரச் சொல்லுங்க."

அந்தத் தரையில் இப்போது பச்சைக் குழந்தையும் தவழலாம். அர்த்தநாரி வரவில்லை.