அட்டையில் இல்லாத பெயர்: ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு

காலை ஒன்பது மணிக்கு ராயபுரம் கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். திருவொற்றியூருக்கு முப்பது ரூபாய். வட சென்னையைப் பற்றிப் பயணக் கட்டுரை வேண்டும் என்று இந்த இதழின் ஆசிரியர் கேட்டிருந்தார். மண்ணின் மணம் வரவேண்டுமாம். டீசல், கருவாடு, அம்மோனியா, எல்லாம் வரும். ஆனால் நான் கிளம்பியது அதற்காக இல்லை. மடியில் இருந்த புத்தகத்துக்காக.

அதிகாரத்தைப் பற்றிப் பிரெஞ்சுத் தத்துவவாதி ஒருவர் எழுதிய நூலின் தமிழாக்கம். கெட்டி அட்டை, விலை நானூற்று ஐம்பது, நேற்றே கடைக்கு வந்துவிட்டது. ‘தமிழில்’ என்று போட்டு அதன் கீழே ஒரு பேராசிரியரின் பெயர். பச்சைப் பொய். மொழிபெயர்த்தவர் எண்ணூரில் இருக்கிறார். மின்நிலையத்தில் ஒப்பந்த ஃபிட்டராக வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்து, ஆங்கிலப் பதிப்பையும் அகராதியையும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக எழுதினார். இன்று மாலை தெற்கே, தென் சென்னையில் ஓர் அரங்கில் வெளியீட்டு விழா. அங்கே அவரைக் கூட்டிப்போய் நிறுத்தி, “இது என்னுடையது” என்று சொல்லவைக்க வேண்டும். அவர் பெயரை இப்போது சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

காசிமேடு தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. சாலையின் பெயர் மட்டும் விரைவுச் சாலை. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

“இன்னாக்கா, புக்க கொழந்த மாரி அணைச்சிகினு வர்ற? பரீட்சையா?”

“பிரெஞ்சுத் தத்துவம்.”

“பாண்டிச்சேரியா?”

“பிரான்சு. அதிகாரம் ஒரு எடத்துல குந்திகினு இல்ல, எல்லா எடத்துலயும் ஓடிகினு கீதுன்றாரு.”

“எங்க ஓடுது? இந்த லாரி ஒரு அடி ஓடலியே!”

பின் சீட்டில் இருந்த பெண், “அவரு என் மாமியா வூட்டாண்ட வந்து பாத்துட்டு எழுதிக்கிறாரு போல,” என்றாள். ஆட்டோவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நாங்கள் பேசினால் வேடிக்கை. இதையே தெற்கே மைக்கில் சொன்னால் ஆய்வு.

திருவொற்றியூர் ஸ்டேஷனில் எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ரயில் தாமதம். அதற்குள் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ராயபுரத்தில் எங்கள் மாதா கோவிலுக்குப் பின்னால் மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஆறு பேர் அங்கே கூடுவோம். துறைமுகம், ரயில்வே, மின்நிலையம் என்று வேலை பார்க்கிறவர்கள். நான் கொருக்குப்பேட்டை சரக்கு ரயில் அலுவலகத்தில் எழுத்தர். அந்தப் பேராசிரியர் எங்களுக்குப் பாடம் சொல்லத் தெற்கேயிருந்து ஸ்கூட்டரில் வருவார். பாவத்தை வாய்விட்டுச் சொல்லவைப்பதும் மனிதனை ஆளும் ஒரு வழிதான் என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதியிருப்பதாக அவர்தான் சொன்னார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு எழுந்த முட்டிவலியோடு அதைக் கேட்டோம். அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டபோது எனக்கு வாய் எழவில்லை. ஒரு யோசனை ஆளை இப்படிப் பிடித்து உலுக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தத்துவத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்த ஆள்மேல்தான்.

எழுதியவன் யார் என்று கேட்காதே, எழுத்தைப் பார் என்றும் சொல்லிக்கொடுத்தார். அதுவும் பிரெஞ்சுச் சரக்குதான். நாங்கள் அப்படியே நம்பினோம். எங்கள் சிறுபத்திரிகையில் எந்தக் கட்டுரைக்கும் பெயர் போடமாட்டோம். அதில் எங்களுக்கு ஒரு கர்வமே இருந்தது. எண்ணூர்க்காரர் மொழிபெயர்ப்பை முடித்துப் பேராசிரியர் கையில் கொடுத்தபோது முதல் பக்கத்தில் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே காலி. காலி இடத்தைக் கண்டால் வேலி போடுகிறவர்கள் இருக்கும் ஊர் இது. அது எங்கள் புத்தியில் உறைக்கவில்லை.

கத்திவாக்கம் தாண்டி எண்ணூரில் இறங்கினேன். ராயபுரத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர் இருக்கும். கழிமுகத்துத் தண்ணீரில் எண்ணெய் மினுங்கியது. அதை அழகு என்று படம் பிடிக்க ஞாயிறுதோறும் ஆள் வருகிறார்களாம். தெருவில் காயும் துணியெல்லாம் மின்நிலையச் சாம்பல் படிந்து ஒரே நிறம்.

மொழிபெயர்த்த அண்ணனின் மனைவி ரோஸி அண்ணி ஈரத்துணியோடு வாசலுக்கு வந்தார். “வா ஸ்டெல்லா. இரு, சேரைத் தொடைக்கிறேன். காலைல தொடச்சது, அதுக்குள்ள பாரு.”

அண்ணனிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, இருமல் வரும்வரை சிரித்தார். அதிகாரம் ஏறி இறங்கிப் பாய்வதற்கு அவர் ‘ஏத்தவத்தம்’ என்று எழுதியிருந்தார். கழிமுகத்தில் கடல்தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் இந்தக் குப்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நீண்ட சிந்தனைக்குப் பின் தாமே உருவாக்கிய கலைச்சொல் என்று பேராசிரியர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்.

“சிரிப்பு கேக்குதா உனுக்கு?” என்றார் அண்ணி. “உன்ன வித்துத் துன்னுட்டான். நீ பல்ல காட்டிகினு கீற.”

“கெளம்புண்ணே. ஆறு மணிக்கு விழா. மேடையாண்டயே கேப்போம்,” என்றேன்.

“வேணாம் ஸ்டெல்லா. பேரு முக்கியமில்லன்னு நம்பித்தான எழுதினேன்? இப்ப போயி என்னுதுன்னு நின்னா, நம்பினது பொய்யின்னு ஆவாதா?”

“அவன் மட்டும் பேரு போட்டுகினான்,” என்றார் அண்ணி. “அதுக்கு உன் பிரெஞ்சுக்காரன் சீட்டு எழுதிக் குட்த்தானா?”

“அவன் நம்பல. நான் நம்பினேன். அவ்ளோதான்.”

அவருடைய நேர்மையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பெயர் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க, முதலில் ஊருக்கு நம் பெயர் தெரிந்திருக்க வேண்டும். எழுதியவன் முக்கியமில்லை என்று பிரான்சில் சொன்னவர்களின் பெயர்கள் அவரவர் புத்தக அட்டையில் கொட்டை எழுத்தில்தான் இருக்கின்றன. தங்கள் பெயரில் அலமாரி நிறைய நூல் வைத்திருக்கிறவர்களுக்கு அது ஒரு சுவையான விவாதம். எண்ணூரில் ஒரே ஒரு புத்தகம் எழுதியவருக்கு அது ஆயுள் முழுவதும் உழைத்த உழைப்பு.

“சரிண்ணே. பேரு இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு. அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“அப்ப நான் என் கட்டுரைல போடறேன். உனுக்கென்ன?”

அண்ணன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“போடு ஸ்டெல்லா,” என்றார் அண்ணி. “வூட்டு நம்பரோட போடு.”

அட்டையில் அதற்குள் லேசாகச் சாம்பல் படிந்திருந்தது. பேராசிரியர் பெயர் இருந்த இடத்தைத் அண்ணன் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“இனிஷியலோட போடு.”

மாலை ரயிலில் திரும்பினேன். அரங்குக்குப் போகவில்லை. அங்கே இந்நேரம் பொன்னாடை போர்த்தி முடித்திருப்பார்கள். எண்ணூர்ச் சாம்பல் அங்கே பறந்து வராது. ராயபுரத்துக்கே குறைவாகத்தான் வரும். எங்களுக்கு லாரிப் புகை போதும்.

ஆசிரியர் அவர்களே, மண்ணின் மணம் போதவில்லை என்றால் எந்தப் பத்தியை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கீழே இருக்கும் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அந்த நூல் தமிழில்: அ. மரியசூசை, எண்ணூர்.