சொடக்கு அக்கா

வீட்டுக்குள் வந்ததும் யாரிடமும் நலம் விசாரிக்க மாட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் ஒரு சொடக்குப் போடுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "ம்ம்... சொடக்கு போட்டு முடிச்சாச்சு, சத்தம் இப்பத்தான் ஆடி அசைஞ்சு வருது" என்பார். அதன் பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கேட்பார்.

வீட்டிலேயே பாட்டும் பேச்சும் பதிவு செய்கிறவர்களின் கணினிகளைச் சரிசெய்வது அவர் தொழில். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. சொடக்கு அக்கா என்றால் தெரியும். கனத்த உடம்பு, ஆனால் மேசைக்கு அடியில் அணில் மாதிரி நுழைந்துவிடுவார். பையில் வயர்களோடு ஒரு சீப்பும் இருக்கும், வெளியே வந்ததும் தலை வாரிக்கொள்ள.

போன வாரம் எங்கள் மாடிவீட்டுக்கு வந்திருந்தார். அங்கே இருக்கும் அண்ணன் பேருந்து ஓட்டுநர்; பாட்டென்றால் உயிர். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, இனிப் பாடலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் ஹெட்போனோடு பாட உட்கார்ந்தால் தாளம் தவறுகிறது, நாக்கு தடுமாறுகிறது. "என் குரல் போயிடுச்சு. எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சிடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அண்ணிதான் விடாப்பிடியாக அக்காவை வரவழைத்தார்.

"குளிக்கும்போது நல்லாத்தான் பாடுறாரு" என்றார் அண்ணி.

"குளியலறையில கம்ப்யூட்டர் இல்லையேம்மா!" அக்கா சிரித்தார். "அண்ணே, உங்க தொண்டைக்கு ஒண்ணுமில்ல. உங்க குரல் உங்க காதுக்குத் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க அடுத்த வார்த்தைக்குப் போயிடுறீங்க. நாக்கு குழறாம என்ன செய்யும்?"

மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ பெட்டி, பிரிண்டரும் கேமராவும் தொங்கிய அதே யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தது. பிடுங்கி நேராகக் கணினியில் செருகினார். அந்தப் பெட்டிக்கென்றே உள்ள டிரைவர் மென்பொருளை நிறுவினார். அடுத்து பஃபர்; ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்ற அளவு. யாரோ உச்சத்தில் வைத்திருந்தார்கள். அடிமட்டத்துக்கு இறக்கினார், ஹெட்போனில் சத்தம் படபடவென்று பொரிந்தது. "ரொம்ப விரட்டினா இதுக்கும் மூச்சு வாங்கும்" என்று ஒரு படி ஏற்றினார். பொரிச்சல் நின்றது.

"இப்பப் பாடுங்கண்ணே."

அண்ணன் தயங்கித் தயங்கித் தொடங்கினார். குரல் கொஞ்சம் கரகரத்தது. தாளம் இம்மியும் பிசகவில்லை. இரண்டாவது வரியில் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றார்.

அக்காவின் கைபேசி மினுங்கியது. அடுத்து வேலைக்குப் போகவேண்டிய வீட்டுக்காரர் அழைக்கிறார். அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.