எட்டு மணங்குக்கு மேல் நாலு பேர்

ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு தோல் கிடங்கில் நான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு ஒரு விநோதமான கஷ்டம் வந்தது. கூட வேலை செய்த ஒருவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. கிடங்கில் எல்லோரும் அவரை அண்ணே என்றார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன். பிறகு அவருடைய மகள் கோணி தைக்க வேலைக்கு வந்தாள். அவள் வந்த பத்தாம் நாள் நான் அண்ணே என்பதை நிறுத்திவிட்டேன். அண்ணன் மகளை எவனாவது கட்டிக்கொள்வானா? மாமா என்று கூப்பிடலாம் என்றால் அதற்கு நெஞ்சில் தைரியம் இல்லை. ஆகவே எட்டு மாதம் அவரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல், கனைத்தும், "வந்து... இன்னா சொல்றேன்னா..." என்று இழுத்தும் காலம் தள்ளினேன். என் தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவர் ஒரு நாள் சித்தரத்தை வாங்கிக் கொடுத்தார். நானும் வாயில் போட்டு மென்றேன்.

அந்த எட்டு மாதமும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனைக்கும் அவள் என்னோடு பேசியதே சொற்பம். பதனிட்ட தோல்களை அடுக்கிக் கோணியில் சுற்றி, முழ நீளக் கோணி ஊசியால் தைப்பது அவள் வேலை. தைத்த மூட்டையைத் தூக்கிப் பலகை வழியாக ஏறி கூட்ஸ் வண்டிக்குள் போடுவது எங்கள் வேலை. ஒரு நாள் நான் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, என் துண்டின் நுனியையும் சேர்த்து வைத்துத் தைத்துவிட்டாள். நான் எழுந்து நடந்தேன், துண்டு வரவில்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, துண்டு எது தோல் எது என்று தனக்கு அடையாளம் தெரியவில்லை என்றாள். துண்டு அந்த லட்சணத்தில்தான் இருந்தது. அன்றைக்கு இரவு நான் அதை நாலு தடவை துவைத்தேன். என் அம்மா எனக்கு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இப்போது சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முந்தின மழைக்காலத்தில் எங்களில் ஒருவர், ஈரம் குடித்துக் கனத்துப் போயிருந்த மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு பலகையில் பாதி தூரம் போனதும், இடுப்பில் ஏதோ சொடுக்கியது என்று சொல்லி அப்படியே உட்கார்ந்தார். அதோடு அவருக்கு மூட்டை வேலை முடிந்தது. பிறகு கடைத்தெருவில் பொரிக்கடை வைத்தார். தூக்கலாம் என்று வைத்தியர் அவருக்கு அனுமதித்த ஒரே மூட்டை பொரி மூட்டைதான். அந்த வருத்தத்தில்தான் எங்கள் சங்கம் பிறந்தது. அதில் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது நான். நாலாம் வகுப்புவரை படித்திருந்ததால் சங்கப் புத்தகமும் என்னிடம்தான் இருந்தது. எந்த மூட்டையாக இருந்தாலும் முதலில் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டு மணங்குக்கு மேல் இருந்தால் ஒற்றை ஆள் தொடக் கூடாது. பலகையில் வைத்து, இரண்டு மூங்கில் கட்டி, நாலு பேர் தோளில் சுமக்க வேண்டும். இதற்காக அரை நாள் எல்லோரும் சும்மாட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலாளி வந்து பார்த்தார், கூட்ஸ் வண்டியைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொள்ளாதவர் ஒரே ஒருவர்தான். நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாத அந்த மனிதர். அவர் உடம்பு அப்படி. கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். பத்து மணங்கைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொண்டு, வெற்றிலை மென்றபடி பலகை ஏறுவார். தராசு என்றால் அவருக்கு இளக்காரம். மூட்டையைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு இத்தனை மணங்கு என்பார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்கள் சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது.

"நாலு பேர் தூக்குறது பொணத்த. மூட்டைய ஒரு ஆம்பள தூக்குவான்."

இந்த மனிதரிடம்தான் என் அம்மா பெண் கேட்டுப் போனாள். வெற்றிலை பாக்கெல்லாம் மரியாதையாக வாங்கிக்கொண்டாராம். எங்கள் குடும்பத்தைப் பற்றியும் குறை ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் மாப்பிள்ளை எட்டு மணங்குக்கு மேற்பட்ட மூட்டை ஒன்றைத் தன் கண்ணெதிரே ஒண்டியாகத் தூக்கிப் பலகை ஏறிவிட்டால் பெண் அவனுக்கு, இல்லையென்றால் திமிரியில் அவருடைய அக்கா மகன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு, என்று சொல்லி அனுப்பிவிட்டார். புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு வேளை முடிந்ததும் என்று நேரமும் குறித்துவிட்டார்.

அப்போது நான் இருந்த இருப்புக்கு எட்டு மணங்கு என்றால் கிட்டத்தட்ட என்னைப் போல் இரண்டு பேர். தூக்கினால் பொரிக்கடைக்குப் பக்கத்தில் இன்னொரு பொரிக்கடை வைக்க வேண்டியதுதான். தூக்கி ஜெயித்துவிட்டாலும், சட்டத்தை மீறியவன் என்று சங்கப் புத்தகத்தில் என் பெயரை நானே என் கையால் எழுத வேண்டும். தூக்காவிட்டாலோ திமிரிக்காரன். அவனை நான் பார்த்ததுகூடக் கிடையாது. இருந்தாலும் அந்த இரண்டு நாளில் அவனை வெறுத்ததுபோல் வாழ்க்கையில் வேறு யாரையும் வெறுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளே என்னிடம் வந்தாள். கையில் ஊசி இருந்தது. பெரிய மூட்டை ஒன்றைக் காட்டி, மேலே நாலு தோலும் கீழே நாலு தோலும் வைத்து நடுவில் வைக்கோல் திணித்திருக்கிறேன் என்றாள். பார்வைக்குப் பத்து மணங்கு, தூக்கினால் மூன்றுக்கும் கம்மி. தன் அப்பா தராசைத் தொட மாட்டார், கண்ணால்தான் நிறுப்பார் என்பது அவளுக்குத் தெரியாதா? அடையாளத்துக்குக் கடைசி முடிச்சை மஞ்சள் நூலில் போட்டிருந்தாள். இது ஏமாற்று வேலை இல்லையா என்று நான் முனகினேன்.

"உங்க சட்டத்தையும் மீறல, எங்கப்பா பேச்சையும் மீறல. தூக்கினு போய்ட்டே இருங்க" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. அவள் அப்போது என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

புதன்கிழமை சோற்றை யார் தின்றார்கள் என்றே எனக்கு நினைவில்லை. பலகைக்குப் பக்கத்தில், தூக்க வசதியாக, மஞ்சள் முடிச்சு மூட்டையை நான்தான் உருட்டிக்கொண்டு வந்து வைத்தேன். உருட்டும்போது முக்கி முனகி நன்றாகவே நடித்தேன். ஆட்கள் வட்டமாகக் கூடிவிட்டார்கள். சங்கத் தலைவரும் வந்தார். அவர் ஒரு பாய். வீட்டில் உருது, கிடங்கில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அன்றைக்கு இரண்டிலும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். சட்டம் எழுதினவனே ஒண்டியாகத் தூக்கப் போகிறானா, கல்யாணம் என்றால் புத்தி பேஜாராகிவிடுமா என்றார். அவரிடம் ரகசியத்தைச் சொல்லவும் முடியாமல், சிரிப்பை அடக்கவும் முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாவம், பயந்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

நான் சும்மாட்டைச் சரி செய்துகொண்டு குனியப் போனபோது, அந்த மனிதர் என் தோளைப் பிடித்து நகர்த்தினார். முதலில் தான் தூக்கிக் காட்டுவதாகவும், அதைப் பார்த்து அப்படியே நான் தூக்க வேண்டும் என்றும் சொன்னார். மூட்டையைக் கண்ணால் அளந்தார். பத்து மணங்கு, அதற்கு மேலும் இருக்கும் என்றார். இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு குந்தினார்.

நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மூட்டைக்காரனுக்கு இது தெரியாமல் இருக்காது. பத்து மணங்குக்கு மூச்சுப் பிடித்தவன் மூன்று மணங்கைத் தூக்கக் கூடாது. கனத்தை எதிர்பார்த்து உடம்பு கொடுக்கும் வேகம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணே என்பதா? முன்னால் அவள் நிற்கிறாள். மாமா என்பதா? முன்னால் ஊரே நிற்கிறது. "ஏ... வந்து... இன்னா சொல்றேன்னா..." என்றேன். என் தொண்டைக் கோளாறுதான் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரே எம்பு. மூட்டை அவர் முதுகில் உட்காரவே இல்லை. தலைக்கு மேலே போய், பலகையில் ஒரு தடவை குதித்து, தையல் பிரிந்து, கூட்ஸ் வண்டிக்குள் பாதியும் வெளியே பாதியுமாக வைக்கோலைக் கொட்டியது. அவர் அதன் பின்னாலேயே இரண்டு அடி ஓடிப்போய்ப் பலகையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மீசையில் ஒரு வைக்கோல் நின்று ஆடிக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவரவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்கோ அழுகை வந்தது. பெண்ணும் போயிற்று, மனிதருக்கு இடுப்பும் போயிற்று, இரண்டுக்கும் நான்தான் காரணம்.

அவர் மஞ்சள் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு தெச்சது இது?"

நான் முன்னால் போய், என் தப்புதான் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவள் ஊசியோடு வந்து நின்றாள்.

"நான்தாம்பா."

"இன்னாத்துக்கு?"

"இவரு இடுப்பு எனக்கு வேணும்பா."

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் வருகிறது என்று நான் இரண்டடி பின்வாங்கினேன். வந்தது சிரிப்பு. சிரித்தால் இடுப்பு வலித்தது, வலியில் ஐயோ என்றார், ஐயோ என்றதும் இன்னும் சிரிப்பு வந்தது. அதற்கு அப்புறம் யாரால் அடக்க முடியும்? கிடங்கே சிரித்தது. பாய்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தராசில் வைத்திருந்தால் இந்தக் கதியே வந்திருக்காது என்று மூட்டைக்குத் தீர்ப்புச் சொன்னார். பிறகு விழுந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு எட்டு மணங்குக்கு மேல. ஒண்டியா யாரும் தொடாதீங்க. நாலு பேர் வாங்க."

பலகையில் மெத்தென்று கோணி விரித்து அவரைப் படுக்க வைத்து, இரண்டு மூங்கில் கட்டினோம். முன்னால் நானும் பாயும், பின்னால் இரண்டு பேர். நான் குட்டை என்பதால் என் தோளில் மட்டும் சும்மாடு மூன்று மடிப்பு. கடைத்தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் நாங்கள் எப்படித் தெரிகிறோம் என்பது எங்களுக்கே புரிந்தது. பட்டப்பகலில் நாலு பேர் தோளில் பலகை, அதில் மல்லாந்து ஒரு பெரிய உடம்பு. பின்னால் அவர் மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உடம்பு குலுங்க வருகிறாள். அவள் சிரிக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியும், கடைக்காரர்களுக்குத் தெரியுமா? ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு அம்மாள் மாரில் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாள். பொரிக்கடைக்காரர், அதுதான் இடுப்பு போன எங்கள் பழைய கூட்டாளி, "அண்ணே, உனக்கா இப்டி ஆச்சு" என்று கதறிக்கொண்டு இரண்டு கையிலும் பொரியை அள்ளிப் பாதையில் இறைக்க வந்தார்.

பலகையிலிருந்து ஒரு கை நீண்டது.

"பொரிய ஏண்டா வீணாக்குற? இங்க குடு."

பொரிக்கடைக்காரர் அலறிய அலறலில் ஒரு ஜட்கா குதிரை மிரண்டு ஓடியது. நாங்கள் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துத் தீர்த்த பிறகுதான் மறுபடி தூக்க முடிந்தது. அவர் மார்பில் பொரியைக் குவித்து வைத்துத் தின்றுகொண்டே எங்களை ஓட்டினார். பள்ளம் வருது, வலது கால் முன்னால, பாய் தோளைத் தாழ்த்து, பின்னால இருக்கிறவன் தூங்கறானா என்று வழியெல்லாம் அதிகாரம். நாலு பேர் சேர்ந்து தூக்குவதற்கும் ஒரு கணக்கான நடை இருக்கிறது என்பது, தூக்கப்படுகிறவருக்குத்தான் சட்டென்று புரியும்போல் இருக்கிறது.

எனக்குச் சிரிப்பெல்லாம் அவர் தெரு முனை வரைக்கும்தான். வீடு தெரிந்ததும் திமிரிக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். நான் மூட்டையைத் தூக்கவில்லை. தூக்க நினைத்ததும் வைக்கோல் மூட்டை. கேட்பதற்கு எனக்கு வாய் ஏது? கழுத்தில் வியர்வை வழிய, நடை பிசகாமல் நடந்தேன்.

வாசலில் நின்றோம். இறக்கினால்தான் ஆபத்து, இறக்கும்போது ஒரு பக்கம் முந்தினால் மனிதர் உருண்டுவிடுவார். அவர் பொரியைத் தட்டிவிட்டு, தலையை லேசாகத் தூக்கி, முன்னால் இடது பக்கத்தில் யார் என்று கேட்டார். பாய் என் பெயரைச் சொன்னார். அவர் தலையை மறுபடி பலகையில் சாய்த்துக்கொண்டார்.

"மெல்ல எறக்கு, மாப்ள."

எட்டு மாதமாகச் சிக்கிக்கொண்டிருந்த தொண்டை அப்போதுதான் திறந்தது.

"ஆவட்டும், மாமா" என்றேன். நாலு பேரும் ஒன்றாகக் குந்தி, பலகையைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தோம்.